பதினான்காம் எண்ணின் இரண்டு புள்ளிகள்

அந்த ஆண்டு அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணி இருபத்து நான்கு ஆட்டங்கள் ஆடி, இருபத்து நான்கிலும் வென்றது. சராசரியாக முப்பத்தேழு புள்ளி வித்தியாசம். இவ்வளவு பெரிய வெற்றியில் குற்றம் கண்டுபிடிக்க ஒருவனுக்கு வயிற்றெரிச்சல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வளாகத்தில் பல பேர் கேட்டார்கள். அவர்கள் கைகாட்டிய மனிதருக்கு வயிற்றெரிச்சல் ஏதும் இல்லை. அந்த இருபத்து நான்கு வெற்றிகளையும் தன் கையால் எழுதியவரே அவர்தான்.

அவர் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். சோதனைக் குழாய் கழுவுவது, அமில பாட்டில்களுக்கு ஒட்டுச்சீட்டு எழுதுவது, உடைந்த குடுவைகளுக்குப் பதில் சொல்வது ஆகியவை பகல் வேலை. மாலையில் உள்ளரங்கின் மேசையில் அமர்ந்து ஸ்கோர் எழுதுவார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கார்பன். எதை எழுதினாலும் அடியில் ஒரு கார்பன் தாளைச் செருகிவிடுவார். விடுப்பு விண்ணப்பமானாலும் சரி, விளக்கக் கடிதமானாலும் சரி, மேலே உள்ளது மேலதிகாரிக்கு, கீழே உள்ளது தனக்கு. வீட்டு இரும்பு அலமாரியில் கீழ்த்தட்டுகள் இரண்டும் கோப்புகளுக்கு. "எங்க வீட்ல துணி தரையில கிடக்கும், காகிதம் அலமாரியில தூங்கும்" என்று அவருடைய மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. விளையாட்டு அறையைச் சுத்தம் செய்தபோது குப்பையில் எறிந்த விதிப்புத்தகம் ஒன்று, அட்டை இல்லாமல், அவர் கைக்கு வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி படிக்க ஒன்பது மாதம் ஆயிற்று. மேசை அலுவலர் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை தேறினார். தோற்ற இரண்டு கடிதங்களும் தேறியபின் கூடைப்பந்துச் சங்கம் தந்த அனுமதி அட்டையின் நகலும் ஒரே கோப்பில் இருக்கின்றன. அந்த அட்டையோடு பத்தொன்பது ஆண்டுகள் மேசையில் உட்கார்ந்தார். சம்பளம் இல்லை, இடைவேளையில் ஒரு தேநீர். அந்தக் கல்லூரியில் அவரை நிமிர்ந்து உட்கார வைத்த நாற்காலி அது ஒன்றுதான்.

ஸ்கோர் தாளைத் தெரியாதவர் பார்த்தால் எறும்புகள் வரிசை தவறிப் போனது போலிருக்கும். தெரிந்தவருக்கு அதில் முழு ஆட்டமும் உண்டு. கூடை விழுந்தால் அந்தப் புள்ளியின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் போட்டவரின் சட்டை எண். மேசையில் இரண்டு பேனாக்கள் இருக்கும். முதல் கால்பகுதிக்கும் மூன்றாவதற்கும் சிவப்பு. இரண்டாவதற்கும் நான்காவதற்கும் நீலம். ஆட்டத்துக்கு முன் ஏறும் பெயர், குறி, கையெழுத்து எல்லாமும் நீலம்தான். எந்தக் கூடை எப்போது விழுந்தது என்பதை நிறமே சொல்லிவிடும். மேல் தாள் சங்கத்துக்கு. அடியில் உள்ள மூன்று கார்பன் பிரதிகளில் ஒன்று வென்ற அணிக்கு, ஒன்று தோற்ற அணிக்கு, ஒன்று நடுவருக்கு. எழுதுபவருக்கென்று பிரதி கிடையாது; அவருக்குத் தன் குறிப்பேடுதான்.

சுற்றுவட்டாரத்தில் கூரை போட்ட அரங்கு அது ஒன்றுதான் என்பதால் லீக் ஆட்டங்கள் எல்லாம் அங்கேயே நடந்தன. மேல் தாள்களை அன்றன்றே சங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் போட்டிகள் முடியும்வரை அவை பயிற்சியாளரின் அறையில் அடுக்கிக் கிடப்பது அந்தக் கல்லூரியின் வழக்கமாகிவிட்டது. அதைக் கண்டித்துக் கார்பன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

வெற்றி சிலருக்குப் பணிவைக் கற்றுத்தரும் என்பார்கள். இந்த அணிக்கு அது கைகுலுக்கலை மறக்கக் கற்றுத்தந்தது. ஐந்தாவது ஆட்டத்துக்குப் பிறகு இவர்கள் எதிரணிக்கு விரல் நுனியை மட்டும் நீட்டினார்கள். எட்டாவது ஆட்டத்துக்குப் பிறகு எதிரணிகளும் தங்கள் நல்ல ஆட்டக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டாம் வரிசையை அனுப்பத் தொடங்கின. பார்வையாளர்கள் இடைவேளையிலேயே எழுந்து போனார்கள். முடிவு தெரிந்த கதைக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஆள் இல்லாதபோது பயிற்சியாளர் தாளிலுள்ள எண்களோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தார். யாருக்கு எத்தனை என்று ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து கேட்பார். யாருக்கு என்றால் ஒருவனுக்கு மட்டும்தான்: நான்காம் எண் சட்டைக்காரன், நெடுமரம் என்று அரங்கே அழைத்த நட்சத்திரம்.

பதினொன்றாவது ஆட்டம் அறுபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. நான்காவது கால்பகுதி முழுவதும் நெடுமரம் பெஞ்சில் இருந்தான். ஷூவைக் கழற்றிவிட்டு, முழங்காலில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டிருந்தான். அன்று, அந்த ஆண்டிலேயே முதலும் கடைசியுமாக, பதினான்காம் எண் களமிறங்கினான். உயரம் உண்டு, வேகம் இல்லை. வளையத்துக்கு நேர் கீழே கிடைத்த பந்தை எறிந்து தவறவிட்டான், தானே பிடித்தான், மறுபடி எறிந்தான். விழுந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுந்து கைதட்டினார்கள். கார்பன் சிரிக்கவில்லை. நீலப் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் பதினான்கு. அதைத் தன் சொந்தக் குறிப்பேட்டிலும் ஏற்றிக்கொண்டார்.

கோப்பையை வென்ற மறுநாள் பயிற்சியாளர் ஆய்வகத்துக்கே வந்தார். இருக்கை இருந்தும் உட்காரவில்லை. நெடுமரத்தின் மொத்தக் கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டில் நின்றுவிட்டது என்பதுதான் செய்தி.

"ரெண்டு புள்ளிய்யா. எங்கயாவது விட்டிருப்ப. தேடு."

"விடல சார்."

"ஐநூறுன்னா பேப்பர்ல தலைப்பு. நானூத்தித் தொண்ணூத்தெட்டுன்னா அது செருப்புக்கடை விலை."

"ஆட்டத்துல விழுந்ததுதான் சார் தாள்ல இருக்கும்."

பயிற்சியாளர் மேசையிலிருந்த குழாய் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது சரியா கழுவல. உன் வேலை இதுதான். ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. கார்பன் அதை மறுபடியும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாள், நேரம், பேசிய சொற்கள் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதினார்.

ஐந்து வாரம் கழித்து வெற்றி மலர் வெளிவந்தது. வழவழத்தாளில் முப்பத்திரண்டு பக்கம். நெடுமரம்: ஐநூறு. பதினான்காம் எண்: சுழியம். நன்றிப் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர் இருந்தார், தரை துடைத்தவர் இருந்தார், அரங்குக்கு விளக்கு மாட்டியவரும் இருந்தார். மேசையில் உட்கார்ந்தவர் இல்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுழியத்தைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. அவருடைய தாளில் சுழியம் இல்லை.

முதல்வருக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று என இரண்டு கடிதங்கள் பதிவுத் தபாலில் போயின. பத்தாம் நாள் பதில் வந்தது, வேறு திசையிலிருந்து. ஸ்கோர் எழுதுபவர் தனிப்பட்ட பகையால் அணியின் பெயரைக் கெடுக்கிறார், அவர் கையெழுத்திட்ட தாளிலேயே அந்தக் கூடை நான்காம் எண்ணின் பெயரில்தான் இருக்கிறது, ஆகவே அவருடைய அட்டையை ரத்துசெய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் சங்கத்துக்குப் புகார் கொடுத்திருந்தார். விசாரணை முடியும்வரை மேசைப் பக்கம் போகக் கூடாது என்று முதல்வரின் ஆணையும் வந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது. அட்டையை ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஒரு ரசீது கேட்டு வாங்கினார்.

சங்கத்துக்கு எழுதி அந்தப் பதினொன்றாவது தாளின் ஒளிநகலை வரவழைத்தார். கறுப்பு வெள்ளையில் வந்த நகலில் பதினான்கு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது. அடியில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியோடு மூன்று மாலைகள் அதன் முன் உட்கார்ந்திருந்தார். அடித்ததற்கோ சுரண்டியதற்கோ அடையாளம் இல்லை. முழுத் தாளையும் யாரோ புதிதாக எழுதியிருக்க வேண்டும் என்பது புரிந்தது. காட்டத்தான் வழி தெரியவில்லை.

"கையெழுத்து உங்களதா?" என்று மனைவி கேட்டாள்.

"என்னது மாதிரி இருக்கு. என்னது இல்ல."

"மாதிரின்னு சொல்லிட்டுப் போய் நின்னா எவன் நம்புவான்? காகிதம் காகிதம்னு பத்தொன்பது வருஷம் கட்டிக்கிட்டு அழுதீங்க. இப்போ அது அவன் பக்கம் பேசுது."

அவர் கார்பன் பிரதிகளைத் தேடிப் புறப்பட்டார். வென்ற அணியின் பிரதி பயிற்சியாளரிடம் இருந்தது. எழுதிக் கேட்டதற்குக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதிப் பதில் வந்தது. நடுவர் தன் பிரதியைப் பழைய செய்தித்தாளோடு எடைக்குப் போட்டுவிட்டிருந்தார். தோற்ற அணியின் கல்லூரிக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் போனார். அங்கிருந்த பயிற்சியாளர் அவரை வாசலிலேயே நிறுத்தி, "அறுபத்தோரு புள்ளியில செருப்படி வாங்கின காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருப்பேன்னு நெனச்சு வந்தீங்களா? அன்னிக்கு பஸ்லயே கிழிச்சுட்டேன்" என்றார். உங்கள் பையன்கள் எங்கள் பையன்களிடம் கைகூடக் கொடுக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். கார்பன் அதையும் குறித்துக்கொண்டார், உண்மை என்பதால்.

எஞ்சியது ஒரே சாட்சி. பதினான்காம் எண்ணை நூலக வாசலில் பிடித்தார். நடந்ததை நடந்தபடி நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நான் கேட்டேனா சார்?"

"உன் கூடைடா அது."

"எனக்கு அந்த ரெண்டு வேணாம். எனக்கு டீம்ல இடம் வேணும். இன்னும் ஒரு வருஷம் இருக்கு." போகப் போனவன் திரும்பி, கொஞ்சம் கசப்பாகவே சொன்னான்: "நீங்க லெட்டர் போட்டதுலேர்ந்து எல்லாரும் என்னை ரெண்டுன்னுதான் கூப்பிடுறாங்க. போதும் சார்."

அவர் அவன்மேல் கோபப்பட்டார். வீடு வரும்வரை கோபம் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் திறந்தபோதுதான், அவனுக்காகப் போராடுவதாகத் தான் ஒரு கடிதத்தில்கூட எழுதவில்லை என்பது கண்ணில் பட்டது. எல்லாக் கடிதங்களிலும் "என் தாள்" என்றே இருந்தது.

சங்கத்தின் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல்மாடி. அறை முழுவதும் ரப்பர் வாசனை. கீழே சுத்தியல் சத்தம். செயலாளர் அறுபது வயதுப் பெண்மணி, தாமும் ஒரு காலத்தில் மேசையில் உட்கார்ந்தவர், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பயிற்சியாளர் அணியின் மேற்சட்டையில், நெடுமரத்தையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். பையன் உட்கார்ந்தும் அறையில் பாதியை அடைத்தான்.

கார்பன் தன் குறிப்பேட்டை வைத்தார். பயிற்சியாளர் அதைத் தொடாமலேயே சிரித்தார். "வீட்ல உக்காந்து எழுதின நோட்டு மேடம் இது. நானும் எழுதுவேன், நேத்து நூறு கூடை போட்டேன்னு." கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று சொல்கிறது, மனிதர் வேறொன்று சொல்கிறார், தாளை நம்புவதா ஆளை நம்புவதா என்று கேட்டார். தாளைத்தான் நம்ப வேண்டும் என்று ஆயுள் முழுதும் வாதாடியவர் கார்பன்தான். செயலாளரும் குறிப்பேட்டை மூடித் திருப்பித் தந்தார். சொந்த நோட்டு சாட்சியாகாது என்றார். அட்டை போயிற்று என்று கார்பனுக்கு அப்போது தெரிந்துவிட்டது.

"வேற ஏதாவது இருக்கா?"

"அந்த மேல் தாளை ஒரு தடவை பாக்கணும்மா. எனக்கு வந்தது ஒளிநகல்தான்."

தாள்கட்டிலிருந்து உருவி நீட்டினார்கள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்க்கவில்லை. தாளைத் திருப்பிச் செயலாளரின் பக்கமாக வைத்து, "மூணாவது கால்பகுதி எங்க முடியுதுன்னு நிறத்தைப் பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். விரல் பாதியில் நின்றது. மறுபடி மேலே போனது. இடப்பக்கம் முழுவதும் சிவப்பு. முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை. வலப்பக்கம் முழுவதும் நீலம். எந்தக் கால்பகுதியும் எங்கும் முடியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றாமல் பயிற்சியாளரைப் பார்த்து, மேசையில் இரண்டு பேனா எதற்கு வைக்கிறார்கள் என்று கேட்டார். பள்ளிப் பிள்ளையிடம் கேட்கும் கேள்வியைத் தன்னிடம் கேட்பதா என்கிற எரிச்சல் பயிற்சியாளரின் முகத்தில் வெளிப்படையாகவே இருந்தது.

"இது கூடவா மேடம்? எங்க டீமுக்கு சிவப்பு. எதிர் டீமுக்கு நீலம்."

கீழே சுத்தியல் நான்கு முறை விழுந்தது.

"எத்தனை வருஷமா கோச்சா இருக்கீங்க?"

"பதினாறு."

செயலாளர் மீதி இருபத்து மூன்று தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றாக, அவர் முன் விரித்தார். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். பதினாறு ஆண்டுகளாக அந்த மனிதர் பார்த்ததெல்லாம் தன் அணிக்கு வரும் கார்பன் பிரதிதான். அதில் எல்லாமே ஒரே நிறம். மேல் தாள்கள் அவர் அறையில் மாதக்கணக்கில் கிடந்தபோதும் நெடுமரத்தின் கூடைகளை எண்ணுவதற்கு மேல் அவற்றை அவர் பார்த்ததில்லை. தூரத்திலிருந்து கண்ட இரண்டு பேனாக்களுக்குத் தானே ஒரு பொருள் சொல்லிக்கொண்டார். அந்தப் பொருள் சரியா என்று மேசைக்காரனிடம் கேட்பது அவருடைய மதிப்புக்குக் குறைவாக இருந்தது. பார்த்து எழுத வேண்டிய மேல் தாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க, கார்பன் பிரதியை வைத்தே எழுதி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், அதை மறைக்கச் சோறும் போதாமல் விட்டுவிட்டார். நெடுமரம் குனிந்து தன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சங்கத்தின் ஆணை ஒரே பக்கத்தில் வந்தது. கூடை பதினான்காம் எண்ணுக்குத் திருப்பித் தரப்பட்டது. நெடுமரத்தின் மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. வெற்றிக்குப் பாதிப்பு இல்லை. அறுபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் யார் போட்டால் என்ன. பயிற்சியாளருக்கு எழுத்துமூல எச்சரிக்கை. ஸ்கோர் எழுதுபவரின் அட்டை திருப்பித் தரப்படுகிறது. இதை நகலெடுத்து முதல்வருக்குக் கொடுத்தபோது, மலர் அச்சாகிவிட்டது, அரங்கச் சுவரில் ஐநூறு என்று எழுதியாகிவிட்டது, பெயின்டருக்கு மறுபடி அனுமதி வாங்க வேண்டும், பார்க்கலாம் என்றார் அவர். பார்க்கலாம் என்றால் என்னவென்று பத்தொன்பது ஆண்டுகளில் கார்பனுக்குத் தெரிந்திருந்தது. மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை. வந்திருந்தால் எழுத்தில் கேட்டிருப்பார்.

அடுத்த ஆண்டின் முதல் ஆட்டத்தன்று சுவரில் ஐநூறு அப்படியே இருந்தது. அதற்கு நேர் கீழே மேசை. அணிப் பட்டியலைப் பயிற்சியாளர் ஒரு மாணவன் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். கார்பன் நீலப் பேனாவால் பெயர்களை ஏற்றிக்கொண்டே வந்தார். பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து வந்தது. தாளை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. பதினான்காம் எண்ணுக்கு ஆள் இல்லை. எச்சரிக்கை வாங்கியவர் அதை யார் தலையில் இறக்கிவைத்தார் என்பது தெரிந்தது. அவன் கேட்டது ஓர் இடம். கிடைத்தது இரண்டு புள்ளி. காலியாக நின்ற கடைசி வரியை விதிப்படி ஒரு கோடு போட்டு அடைத்தார். கோடு நேராக வரவில்லை. அவருடைய தாள்களில் கோணலான கோடு அதுதான் முதல்.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடத்துக்கு முன்பாகப் பயிற்சியாளர் மேசைக்கு வந்து, களமிறங்கும் ஐவரைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும். ஆளனுப்ப முடியாத வேலை அது. வந்தார். இருவரும் முகம் பார்க்கவில்லை. தாள் நடுவில் இருந்தது. அதன்மேல் இரண்டு பேனாக்கள், அருகருகே. பயிற்சியாளரின் கை இறங்கியது, பாதியில் நின்றது. முன்பெல்லாம் அது நீட்டிய பேனாவை வாங்கிக் கிறுக்கிவிட்டுப் போகும் கை. கார்பன் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த நிமிடத்துக்காக அவர் ஐந்து மாதம் காத்திருந்தார் என்றால் மிகையில்லை. அரங்கில் பந்து தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கை மெல்ல நகர்ந்து சிவப்பை நோக்கிப் போயிற்று.

போகட்டும் என்று விட்டிருக்கலாம். விட்டிருந்தால் பயிற்சியாளரின் மானத்தோடு தாளும் கெட்டுப்போயிருக்கும்.

கார்பன் ஒரு விரலால் நீலப் பேனாவை ஓர் அங்குலம் முன்னால் தள்ளினார்.

பயிற்சியாளர் அதை எடுத்து ஐந்து குறிகளைப் போட்டார், கையெழுத்திட்டார், பேனாவைப் போட்டுவிட்டுப் போனார். கார்பன் அந்தக் கையெழுத்தைத் தன்னிடமிருந்த போன ஆண்டுத் தாளின் ஒளிநகலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒத்திருந்தது. அதன் பிறகே சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.